கேம்ஷாஃப்ட் மாற்றிய பிறகு டிஸ்ட்ரிபியூட்டர் கியர் மீண்டும் மீண்டும் தேய்கிறது: குறை கியரிலா, வேறெங்காவதா?

உங்கள் கேள்வியைப் புரிந்துகொண்ட அளவில் நிலைமை இதுதான்: ஸ்மால் பிளாக் செவர்லே வகை பந்தய எஞ்சினில் வார்ப்பிரும்பு கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு) எடுத்துவிட்டு, ரோலர் லிஃப்டருக்கான (அந்த மேடுகளின் மீது உருளும் சக்கரமுள்ள தள்ளுபாகம்) எஃகு கேம்ஷாஃப்டைப் பொருத்தியிருக்கிறீர்கள், அதே வேலையோடு அதிகக் கொள்ளளவுள்ள ஆயில் பம்பையும் மாற்றியிருக்கிறீர்கள், சில ஓட்டங்களுக்குள் டிஸ்ட்ரிபியூட்டரின் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) வெண்கல கியரின் பற்கள் கத்தி முனைபோல் கூர்மையாகிவிட்டன, புதிய கியர் போட்டும் அதே கதி. கியரின் தரம்தான் மோசமா என்று கேட்கிறீர்கள். என் பார்வையில் கியரைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். கழற்றிய இரண்டு கியர்களையும் தூக்கி எறியாதீர்கள். காரணத்தைத் தேட அவற்றைவிட நல்ல சான்று உங்களிடம் இல்லை.

கேம்ஷாஃப்டின் பற்களோடு பிணையும் இந்த கியர் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ரோட்டரை (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழன்று மின்சாரத்தைப் பங்கிடும் கை) சுழற்ற ஆகும் விசை மிகச் சிறியது. உண்மையான சுமை, டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் கீழ்முனையிலிருந்து இடைத்தண்டு வழியாக ஓடும் ஆயில் பம்புதான். பம்பைச் சுழற்றத் தேவையான முழு விசையும் ஒருசில பற்களின் குறுகிய தொடுபரப்பு வழியாகவே செல்கிறது. பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை என்பதால், பளு ஏறும்போது இரண்டு தண்டுகளும் தத்தம் அச்சுவாக்கில் தள்ளப்படுகின்றன.

உலோகப் பொருத்தத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். வார்ப்பிரும்பு கேம்ஷாஃப்டுக்கு இரும்பு கியர் ஏற்றது. 8620 என்ற எஃகு வகை போன்ற எஃகுக் கட்டையில் கடைந்த ரோலர் கேம்ஷாஃப்டுக்கு வெண்கலமோ கூட்டுப் பாலிமரோ பொதுவான தேர்வு. சில ரோலர் கேம்ஷாஃப்டுகளில் கியர்ப் பகுதி மட்டும் வார்ப்பிரும்பாக அழுத்திப் பொருத்தப்பட்டிருக்கும். அவற்றுக்கு வெண்கலம் தேவையில்லை. ஆகவே பெட்டியில் ‘ரோலர்’ என்று எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அந்தக் குறிப்பிட்ட கேம்ஷாஃப்டுக்கு எந்த கியர் என்று தயாரிப்பாளரிடமே கேட்பது நல்லது. உங்கள் தேர்வு சரியாகவே இருக்கலாம். வெண்கல கியர், கேம்ஷாஃப்டைக் காப்பாற்றத் தன்னைத் தேய்த்துக்கொள்ளும் பாகம். அதை அவ்வப்போது மாற்றத்தான் வேண்டும். ஆனால் சில ஓட்டங்களிலேயே கூர்மையாகிறது என்றால் அது இயல்பான தேய்மானம் அன்று.

இனி, கழற்றிய கியரைப் பாருங்கள். தொடுதடம் பல்லின் நடுவில் இருந்து, அங்கே ஒரே சீராகத் தேய்ந்திருந்தால், பளு மிகுதியையோ எண்ணெய்க் குறைவையோ சந்தேகிக்கலாம். தடம் மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ ஒதுங்கியிருந்தால் கியர் நிற்கும் உயரம் தவறு. பல்லின் பரப்பில் உலோகம் இழுபட்டு, பிய்ந்து, அப்பியிருந்தால் உலோகப் பொருத்தம் தவறு, அல்லது எண்ணெய்ப்படலம் அறவே இல்லாமல் ஓடியிருக்கிறது. கியரின் சுற்றில் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் தண்டு வளைந்திருக்கலாம், அல்லது கியர் தண்டில் மையம் விலகிப் பொருந்தியிருக்கலாம். செவர்லே வகைத் தண்டுகளில் 0.491, 0.500 அங்குலம் என இரண்டு விட்டங்கள் புழக்கத்தில் உள்ளன. சிறிய தண்டில் பெரிய துளையுள்ள கியரை ரோல் பின்னை (கியரைத் தண்டோடு பிணைக்கும் குறுக்கு ஊசி) மட்டும் நம்பி மாட்டினால் விளைவு இதுவே.

உயரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பந்தய எஞ்சின்களில் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். இவ்வகை எஞ்சினில் டிஸ்ட்ரிபியூட்டர் இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) மீது அமர்கிறது. சிலிண்டர் ஹெட்டையோ பிளாக்கின் மேல்தளத்தையோ மேனிஃபோல்டையோ சீவியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் கீழே இறங்கிவிடும். அப்போது தண்டின் கீழ்முனை பம்பின் இடைத்தண்டை அழுத்தத் தொடங்கி, பம்பும் கியரும் ஒருசேரப் பாழாகும். கேஸ்கெட் இல்லாமல் டிஸ்ட்ரிபியூட்டரை இறக்கிப் பாருங்கள்; அதன் விளிம்பு மேனிஃபோல்டில் படியாமல் சற்று மேலேயே நின்றால் அடியில் முட்டுகிறது என்பது உறுதி. உயரத்தை மாற்றத்தக்க காலர் கொண்ட டிஸ்ட்ரிபியூட்டர் இதற்கு நேர்த்தியான தீர்வு; ஷிம்களும் (மெல்லிய இடைத்தகடுகள்) போதும். தண்டின் மேல்கீழ் அசைவு சுமார் 0.010 முதல் 0.030 அங்குலத்துக்குள் இருக்கட்டும்.

கேம்ஷாஃப்ட் மாற்றத்தோடு நேரடியாக வருவது அதன் முன்பின் நகர்வு. தட்டை லிஃப்டருக்கான கேம் மேடுகள் மிகச் சிறிய சரிவோடு தீட்டப்பட்டிருப்பதால் அவை கேம்ஷாஃப்டைப் பின்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொள்கின்றன. ரோலர் கேமில் அந்தச் சரிவு இல்லை. கேம்ஷாஃப்டின் முன்முனையில் வைக்கும் கேம் பட்டனோ, அதை இடத்தில் நிறுத்தும் தகடான திரஸ்ட் பிளேட்டோ அந்த நகர்வைத் தடுக்காவிட்டால் அது முன்னும் பின்னும் அலைந்து, சாய்வுப் பற்கள் வழியாக டிஸ்ட்ரிபியூட்டரையும் ஆட்டிக்கொண்டே இருக்கும். டயல் கேஜ் வைத்து அளந்தால் பொதுவாக 0.005 முதல் 0.010 அங்குலம் வரை இருப்பது நல்லது. டைமிங் மூடி (எஞ்சினின் முன்பக்க மூடி) மெல்லிய தகடாக இருந்தால் பட்டனின் அழுத்தத்தில் அது வளையும். அளவு சரியாக இருந்தும் எஞ்சின் ஓடும்போது நகர்வு கூடுவதற்கு இதுவே காரணமாகலாம்.

டைமிங் லைட்டும் (ஒவ்வொரு பொறிக்கும் மின்னி, கிராங்கோடு சுழலும் குறியைக் காட்டும் விளக்கு) உதவும், ஒரு நிபந்தனையோடு. பற்கள் தேயத் தேய டிஸ்ட்ரிபியூட்டர் பின்தங்கி, இக்னிஷன் நேரம் தாமதமாகும். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பாகை பிசகினால் கிராங்கில் (எஞ்சினின் முதன்மைத் தண்டு) இரண்டு பாகை. குறி நிலையாக நில்லாமல் துள்ளினால் கேம் அலைகிறது அல்லது பல் இடைவெளி கூடியிருக்கிறது. ஆனால் கிராங்க் டிரிகர் (பொறி நேரத்தைக் கிராங்கிலிருந்தே எடுக்கும் உணரி) பொருத்திய எஞ்சினில் குறி அசையாமல் நிற்கும், கியர் மட்டும் சத்தமில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும். அங்கே டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் சிறு துளையிட்டு, ரோட்டர் முனை மூடியின் முனையத்துக்கு நேராக நிற்கும்போது பொறி பாய்கிறதா என்று டைமிங் லைட்டில் பார்க்க வேண்டும்.

உங்கள் விஷயத்தில் என் முதல் சந்தேகம் பம்பின் மீதுதான். அதிகக் கொள்ளளவுள்ள பம்ப், கடினமான ரிலீஃப் ஸ்பிரிங் (எண்ணெய் அழுத்தத்தின் உச்சத்தைத் தீர்மானிக்கும் ஸ்பிரிங்), கெட்டியான எண்ணெய், குளிர்ந்த எஞ்சினை உடனே முடுக்குவது ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்த கியரும் தாங்காது. பேரிங் இடைவெளிகள் அதை வேண்டாதவரை சாதாரணக் கொள்ளளவே போதும். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, பம்பைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுற்றின் ஓரிடத்தில் பிடித்தால் பம்பையே திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் போதவில்லை என்று தோன்றினால், டிஸ்ட்ரிபியூட்டர் உடலின் கீழ் வளையத்தில், கேம் கியரை நோக்கிய பக்கத்தில், சுமார் 0.030 அங்குல அகல ஆழத்தில் ஒரு சிறு வடிகால் அரத்தால் தீட்டினால் எண்ணெய் நேராகப் பற்களின் மீது பீச்சும்.

மூன்றாவது கியரை மாட்டும் முன் கேம்ஷாஃப்டின் பற்களை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே கீறலோ கூர்மையோ இருந்தால், மற்ற எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் புதிய கியர் நிலைக்காது. கேம்ஷாஃப்டையும் மாற்ற வேண்டியிருக்கும். கியரில் 13 பற்கள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் ரோட்டர் அரைப் பல் அளவு, ஏறத்தாழ 14 பாகை, விலகும். கியரின் குழிப்புள்ளி ரோட்டர் முனை இருக்கும் பக்கம் வர வேண்டும். பற்களில் மாலிப்டினம் பசை தடவி, எஞ்சினை இயக்குமுன் பம்பைத் தனியாகச் சுழற்றி எண்ணெய் அழுத்தத்தை ஏற்றிவிடுங்கள். முதல் ஓட்டம் முடிந்ததும் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பாருங்கள்: காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் துகள்கள் தெரிந்தால், அடுத்த ஓட்டத்துக்குப் போகாமல் டிஸ்ட்ரிபியூட்டரை மறுபடி கழற்றுங்கள்.