பர்மா வானத்தில் சிவப்புப் பொட்டு கூடாது: வாசகர் கேள்வி பதில்

கணினியில் போர் விமானம் ஓட்டும் பிள்ளைகளிடமிருந்துதான் இந்த மாதம் கடிதங்கள் அதிகம். நான் சூலூர் விமானப்படை டிப்போவின் பெயின்ட் ஷெட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மனசுக்குப் பிடித்த விஷயம். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, நானும் நண்பர்களும் ஆன்லைன் சிமுலேட்டரில் இரண்டாம் உலகப் போர் விமானங்கள் ஓட்டுகிறோம். பர்மா களத்துக்கு என் ஹரிக்கேன் சண்டை விமானத்தில் சிவப்பு, வெள்ளை, நீல வட்டம் உள்ள ஸ்கின் (ஆட்டத்தில் விமானத்தின் மேல் போர்த்தும் பெயின்ட் படம்) போட்டிருந்தேன். 1944-க்கு அது தப்பு, எடுத்துவிடு என்று குழுவில் சொல்லிவிட்டார்கள். பிரிட்டிஷ் விமானத்துக்கு அதுதானே சின்னம்?
– கல்லூரி மாணவர், உசிலம்பட்டி

பதில்: அவர்கள் சொன்னது சரிதான், தம்பி. ஐரோப்பாவில் அதுதான் சின்னம். பர்மா முனையில் இல்லை. அங்கே எதிரி ஜப்பான்.

ஜப்பான் விமானத்தின் இறக்கையில் பெரிய சிவப்பு வட்டம் இருக்கும். பிரிட்டிஷ் வட்டத்துக்கும் நடுவில் சிவப்புப் பொட்டு. தூரத்தில் வேகமாகப் போகும் விமானத்தில் நீலமும் வெள்ளையும் கரைந்துபோய் அந்தச் சிவப்பு மட்டும் கண்ணில் பட்டால் என்ன ஆகும்? கீழே பீரங்கியில் உட்கார்ந்திருப்பவனுக்கு யோசிக்க ஒரு நொடிதான். சொந்த விமானத்தையே சுட்டுவிடுவான். அதனால்தான் 1942-லிருந்து இந்தப் பக்கம் பறந்த விமானங்களில் சிவப்பை மறைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் கருநீலத்துக்குள் வெளிர்நீலம் என்று வட்டமே மாறியது. அமெரிக்கர்களும் இதே காரணத்துக்காக 1942 மே மாதம் தங்கள் நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை எடுத்துவிட்டார்கள். 1943-ல் நட்சத்திரத்தின் இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை சேர்த்து, சுற்றிலும் சிவப்பு விளிம்பு கொடுத்தார்கள். அந்தச் சிவப்பும் ஆகாது என்று சில மாதத்திலேயே விளிம்பை நீலமாக்கினார்கள். ஆக, அமெரிக்க விமானத்தில் சிவப்பு விளிம்பு இருந்தால் அது 1943-ன் நடுப்பகுதி என்று பார்த்த உடனே சொல்லிவிடலாம்.

உங்களுக்கு ஒரு நல்ல உதாரணம் தருகிறேன். பிரிட்டிஷ் விமானப்படையின் 79-வது ஸ்குவாட்ரனுக்கு, அதாவது விமானப் பிரிவுக்கு, 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர். நம் மாகாணம் கொடுத்த யுத்த நிதிக்காக வைத்த பெயர் அது. அன்றைக்கு மதுரை ஜில்லாவும் மெட்ராஸ் மாகாணம்தானே, அதனால் அந்த விமானங்களில் நம் ஊர்க் காசும் பறந்தது என்றே நான் நினைக்கிறேன். இவர்கள் 1940-ல் பிரான்சில் ஹரிக்கேன் ஓட்டினார்கள். அந்தச் சமயம் பிரிட்டிஷ் சண்டை விமானங்களின் அடிவயிறு பாதி கறுப்பு, பாதி வெள்ளை. ஜூன் மாதம் அதை மாற்றி 'ஸ்கை' என்ற வெளிர்பச்சை கலந்த நிறம் வந்தது. 1942-ல் இந்தியாவுக்கு வந்தார்கள். மறுபடியும் ஹரிக்கேன்தான், ஆனால் சிவப்பு போயிற்று. 1944-ல் தண்டர்போல்ட் என்ற அமெரிக்க விமானத்துக்கு மாறினார்கள். 1945-ல் பர்மா முனையில் பச்சையும் மண்நிறமும் அடித்த விமானங்களின் இறக்கையிலும் வாலிலும் அகலமான வெள்ளைப் பட்டை வந்தது. ஒரே ஸ்குவாட்ரன், ஐந்து வருஷத்துக்குள் இத்தனை மாற்றம்! '79-வது ஸ்குவாட்ரன் ஸ்கின்' என்று மட்டும் எழுதிப் போட்டால் போதாது. எந்த வருஷம், எந்த முனை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நண்பனை நண்பன் சுடாமல் இருப்பதற்காக அடித்த பெயின்ட் இது. உங்கள் ஆட்டத்திலும் அது அந்த வேலையைத்தான் செய்கிறது. பக்கத்தில் பறப்பவரின் வட்டத்தை நம்பித்தானே விசையை அழுத்தாமல் இருக்கிறீர்கள்?

கேள்வி: ஸ்கின் தயாரிக்கக் கிடைக்கும் பழைய படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. நிறத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? சிலர் கணினியில் கலர் ஏற்றிய படத்தைப் பார்த்துச் செய்கிறார்கள்.
– ஐ.டி. ஊழியர், திருமங்கலம்

பதில்: கலர் ஏற்றிய படத்தை நம்பவே நம்பாதீர்கள். அது ஏற்றியவருடைய ஊகம்.

அந்தக் காலத்து ஃபிலிமில் ஒரு வகை சிவப்பை அறவே உணராது. ஆர்த்தோகுரோமேட்டிக் என்பார்கள். அதில் சிவப்பு கறுப்பாக விழும், மஞ்சளும் நல்ல கருமையாக விழும், நீலமோ வெளுத்துப்போகும். பிரிட்டிஷ் வட்டத்தின் வெளிப்புற மஞ்சள் வளையம் சில படங்களில் கறுப்பு வளையமாகத் தெரிவது இதனால்தான். அதைப் பார்த்துவிட்டு வளையமே இல்லை என்று முடிவு கட்டி ஸ்கின் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எனவே, நிறம் நிச்சயமாகத் தெரிந்த ஒரு பகுதியை முதலில் படத்தில் தேடுங்கள். அது எவ்வளவு கறுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை வைத்து மற்றதை எடைபோடுங்கள். உடற்பகுதியில் எழுதிய சீரியல் நம்பர் படிக்க முடிந்தால் இன்னும் நல்லது. எந்த மாடல், எப்போது எந்த ஸ்குவாட்ரனில் இருந்தது என்று அதை வைத்துத் தேடலாம்.

இன்னொன்று, பளபளப்பு. பிள்ளைகள் செய்யும் ஸ்கின்களில் நான் அதிகம் பார்க்கும் குறை இதுதான். உருமறைப்பு பெயின்ட் மினுங்கக் கூடாது. மினுங்கினால் வெயில் பட்டுத் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுத்துவிடும். வெளுப்பும் எல்லா இடத்திலும் ஒன்றுபோல வராது. சித்திரை வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வேனைப் பாருங்கள், கூரை வெளுத்த அளவுக்குக் கதவு வெளுக்காது. விமானத்திலும் இறக்கையின் மேல்பக்கம்தான் முதலில் நிறம் போகும். இறக்கை உடற்பகுதியோடு சேரும் இடத்தில் மெக்கானிக் ஏறி இறங்குவதால் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரியும். ஸ்பிரேயில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அழுக்கைத் தூவி வைப்பது சரியில்லை.

கேள்வி: இந்திய விமானப்படை ஸ்கின் செய்ய ஆசை. 1971 மிக்-21-க்கு ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு பச்சை இருக்கிறது. எது சரி?
– பிளஸ் டூ மாணவி, மேலூர்

பதில்: எல்லாமே சரியாக இருக்கலாம், பாப்பா! நம் மிக்-21 விமானங்கள் பெயின்ட் இல்லாமல் வெள்ளி உலோகமாகத்தான் பறந்துகொண்டிருந்தன. 1971 போரை ஒட்டி அவசரமாக அந்தந்த ஸ்குவாட்ரனே கிடைத்த பச்சையையும் பழுப்பையும் வைத்து அடித்துக்கொண்டது. ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. தூரிகைத் தடம், கோணல் விளிம்பு எல்லாம் அங்கே உண்மையான சரித்திரம். அவற்றைத் திருத்தி அழகாக்கிவிடாதே. அதற்காக உன் இஷ்டத்துக்கு ஒரு கோலம் போட்டுவிடாமல், ஒரே ஒரு விமானத்தின் படத்தை எடுத்து அதை மட்டும் பார்த்துச் செய்.

வட்டம் வெளியே காவி, நடுவில் வெள்ளை, உள்ளே பச்சை. 1950 ஜனவரி 26 முதல் இதுதான். அதற்கு முன் சுதந்திரத்தை ஒட்டிச் சில காலம் நீல அசோகச் சக்கரம் இருந்தது. நாங்கள் ஷெட்டில் வட்டம் போடும்போது முதலில் வெள்ளையை முழு வட்டமாக அடித்துக் காயவிடுவோம். அப்புறம் டேப் ஒட்டி, காம்பஸ் ஆரத்துக்கு வெட்டி, காவியும் பச்சையும். டேப்பை முழுக்கக் காயும் முன்பே உரிக்க வேண்டும், இல்லையென்றால் விளிம்பு பிய்ந்துவிடும். நீயும் உன் கோப்பில் மூன்று நிறத்தையும் தனித்தனி லேயராக வை. காவியை ரொம்பச் சிவக்க விடாதே.

கேள்வி: ஜெர்மன் விமானங்களின் வாலில் ஸ்வஸ்திகாவை ஏன் விட்டுவிடுகிறார்கள்? அது சரித்திரத்தை மறைப்பது ஆகாதா? ஃபின்லாந்து விமானத்திலும் இல்லையே.
– அச்சகத் தொழிலாளி, சிவகாசி

பதில்: நாஜிச் சின்னங்களைக் காட்டுவதற்கு ஜெர்மன் சட்டத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. அங்கேயும் விற்க வேண்டிய ஆட்டம் என்பதால் தயாரிப்பாளர்கள் விட்டுவிடுகிறார்கள். நாஜிகளால் செத்தவர்களை நினைத்தால் எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வால் காலியாக இருப்பதால் மற்ற நிறங்களின் துல்லியம் கெட்டுவிடாது. ஃபின்லாந்து விஷயம் வேறு. அவர்களுடைய நீல ஸ்வஸ்திகா 1918-லிருந்தே விமானப்படைச் சின்னம், நாஜிகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1945-ல் அதை எடுத்துவிட்டு வெள்ளை, நீல வட்டத்துக்கு மாறிவிட்டார்கள். அந்த வட்டம் போட்ட ஸ்கின்னை 1945-க்குப் பிந்திய விமானத்துக்குத் தாராளமாகப் போடலாம், 1941 ஆட்டத்தில் போடாதீர்கள்.