வாயுக் கணக்கு என்றாலே 22.4 போட வேண்டுமா?

வேண்டியதில்லை. 2 லிட்டர் பியூட்டேன் முழுதாக எரிய எத்தனை லிட்டர் ஆக்சிஜன் தேவை என்ற கணக்கில் 22.4-ஐ (ஒரு மோல், அதாவது குறிப்பிட்ட ஓர் எண்ணிக்கை மூலக்கூறுகள் கொண்ட வாயு, பிடிக்கும் இடம் லிட்டரில்) எங்கே போடுவது என்று பிளஸ் ஒன் படிக்கும் உங்கள் மகள் குழம்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கில் அதற்கு இடமே இல்லை.

சமன் செய்த சமன்பாட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 2 பியூட்டேன் மூலக்கூறுக்கு 13 ஆக்சிஜன் மூலக்கூறு. வருவது 8 கார்பன் டை ஆக்சைடு, 10 நீர். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளும் சம எண்ணிக்கையில் இருக்கும் என்று அவகாட்ரோ 1811-லேயே சொல்லிவிட்டார். ஆகவே 2 லிட்டருக்கு 13 லிட்டர். அவ்வளவுதான்.

என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் அதிகம் சறுக்குவது அடுத்த வரியில். "நீர் 10 லிட்டர்" என்று எழுதிவிடுவார்கள். அறை வெப்பநிலைக்கு ஆறியதும் நீராவி பெரும்பாலும் திரவமாகிவிடும். திரவத்துக்கு இந்த விகிதம் பொருந்தாது.

சரி, 22.4 எப்போது? எடை கிராமில் தந்து கனஅளவைக் கேட்டால், அதுவும் 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தம் என்றால் மட்டும். 27 டிகிரியில் ஒரு மோல் வாயு 24.6 லிட்டர் இடம் பிடிக்கும். சில புத்தகங்களில் 22.7 என்று இருப்பதும் பிழையல்ல. அது 1 பார் அழுத்தத்துக்கானது.

இது மனதில் நிற்க நான் வீட்டு சிலிண்டரைத்தான் எடுப்பேன். உள்ளே 14.2 கிலோ, முழுக்க பியூட்டேன் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மோல் 58 கிராம் என்பதால் சுமார் 245 மோல். 27 டிகிரியில் கிட்டத்தட்ட 6,000 லிட்டர் வாயு. ஆறரை மடங்கு ஆக்சிஜன் என்றால் 39,000 லிட்டர். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தானே, அப்படியானால் காற்று சுமார் 1,86,000 லிட்டர். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள சமையலறையில் இருக்கும் காற்று 28,300 லிட்டர். ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் அப்படி ஆறரை சமையலறைக் காற்று அடுப்புக்குள் போகிறது! பர்னரின் காற்றுத் துளையில் தூசி அடைத்தால் நீலச் சுடர் மஞ்சளாகி, பாத்திரத்தின் அடியில் கரி பிடிப்பதும் இந்தக் காற்று போதாமல்தான்.

உண்மையில் சிலிண்டரில் புரொப்பேனும் கலந்திருக்கும். அதற்கு விகிதம் 1-க்கு 5, ஒரு மோல் 44 கிராம். அதே 14.2 கிலோவை முழுக்க புரொப்பேன் என்று வைத்து மகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வாயு 7,900 லிட்டரைத் தாண்டும். காற்றின் அளவோ 1,89,000 லிட்டர் பக்கம்தான் வந்து நிற்கும்.