சம்பளத் தேதி தள்ளிப்போகும்போது

வேலை, சம்பளம், அலுவலகம்: வாசகர் கேள்விகள்

(பதில் சொல்பவர் ஒரு மென்பொருள் ஸ்டார்ட்அப்பில் ஐந்து ஆண்டுகள் கணக்கும் சம்பளமும் பார்த்தவர். அதை மூடும் நாள்வரை அங்கே இருந்தவர்.)

கேள்வி: ஒரு ஸ்டார்ட்அப்பில் டெஸ்டிங் பிரிவில் இருக்கிறேன். நான் சேரும்போது 40 பேர் இருந்தோம், இப்போது 22 பேர். இரண்டு மாதமாகச் சம்பளம் தாமதம். "அடுத்த மாதம் முதலீடு வந்துவிடும்" என்று நிறுவனர் ஆறு மாதமாகச் சொல்கிறார். நல்ல மனிதர்தான். கூட இருப்பவர்களும் தங்கமானவர்கள். விட்டுப் போனால் துரோகம் செய்வது போல இருக்கிறது, இருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம், அக்கா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் பழைய மேசைக்கு முன்னால் வந்து நிற்பவர்களின் முகங்கள்தான் ஞாபகம் வந்தன. மாதக் கடைசி வாரத்தில் யாராவது வருவார்கள். விடுப்புக் கணக்கு, வரிப் படிவம் என்று எதையோ கேட்பார்கள். திரும்பிப் போகிற நேரத்தில்தான் வந்த விஷயம் வெளியே வரும்: "அப்புறம்... இந்த மாசம் ஒண்ணாம் தேதிதானே அக்கா?"

எங்கள் நிறுவனத்தில் 31 பேர். என் கணினியில் ஒரு கணக்குத்தாள் இருந்தது. மேல் வரியில் வங்கியில் இருக்கும் பணம். அதற்குக் கீழே, மாதச் செலவில் வரவைக் கழித்தது போக மிஞ்சும் பற்றாக்குறை. மேலே இருப்பதைக் கீழே இருப்பதால் வகுத்தால் இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். 'ரன்வே' என்பார்கள். அது 9 மாதமாக இருந்தபோது அலுவலகத்தில் விருந்து நடந்தது. 5 ஆனபோது நிறுவனர் முதலீட்டாளர்களைத் தேடி அலையத் தொடங்கினார். 2 ஆனபோது சம்பளம் 1ஆம் தேதியிலிருந்து 7ஆம் தேதிக்குப் போனது, பிறகு 15ஆம் தேதிக்கு. கடைசி இரண்டு மாதமும் பாதிச் சம்பளம். இதெல்லாம் நிறுவனர்கள் இருவருக்கும் எனக்கும் தெரியும். மற்ற 28 பேருக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவு.

சொல்லாவிட்டால் தெரியாமல் போய்விடுமா? ஆள் போன நாற்காலிக்கு ஆள் வரவில்லை. ஒரு மென்பொருள் உரிமத்தைப் புதுப்பிக்காமல் விட்டதால் வடிவமைப்புக் குழுவே ஒரு வாரம் கைகட்டி உட்கார்ந்திருந்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை "இனிமேல் நம் தயாரிப்பு இதுதான்" என்று மாற்றிச் சொன்னார்கள். ஆளாளுக்கு மாடிப்படியில் நின்று ஒரு கணக்குப் போட்டார்கள். பாதிப் பேர் நிஜத்தைவிட மோசமாகக் கற்பனை செய்துகொண்டார்கள்.

மூடிய பிறகு அவர்களில் பலரோடு பேசியிருக்கிறேன். வியாபாரம் தோற்றதற்காக ஒருவர்கூடக் கோபப்படவில்லை. இது எனக்கே ஆச்சரியம். "மூணு பேர் வேலையை ஒருத்தியா பார்த்தேன், ஆனா வேற எங்கேயும் இவ்வளவு கத்துக்கிட்டிருக்க மாட்டேன்" என்றாள் சர்வர் பார்த்துக்கொண்ட பெண். வாடிக்கையாளர் பிரிவில் இருந்தவர், ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பிழை சரியானதும் எல்லோரும் சேர்ந்து கைதட்டியதைத்தான் இன்னும் பேசுகிறார். ஆனால் ஒருவர் மட்டும் என்னோடு இன்றுவரை பேசுவதில்லை. "எல்லாம் நன்றாகப் போகிறது" என்று பொதுக்கூட்டத்தில் நிறுவனர் சொன்ன எட்டாவது நாள் அவர் வீட்டுக் கடனில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடனுக்கான சம்பளச் சான்றிதழை நான்தான் தயார் செய்து கொடுத்தேன். அன்று என் கணக்குத்தாளில் இருந்த எண் 3. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதனால் உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் போவது துரோகம் இல்லை. அந்தத் தங்கமான மனிதர்களும் ராத்திரியில் வேறு வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள், எல்லோருக்குமே பாரம் குறையும். நிறுவனரிடம் தனியாகப் போய் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்று கையில் இருக்கும் பணம் எத்தனை மாதத்துக்கு வரும்?" பதிலாக ஒரு எண் வர வேண்டும். "முதலீடு வருகிறது" என்பது எண் அல்ல. ஒப்பந்த முன்வரைவில் கையெழுத்தாகிவிட்டது என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள். அந்தத் தாள் பெரும்பாலும் முதலீட்டாளரைக் கட்டுப்படுத்தாது. கணக்குகளைத் துருவிப் பார்த்து, இறுதி ஒப்பந்தம் முடிந்து, பணம் வங்கிக்கு வந்தால்தான் வந்தது. எங்களுக்கு வரவேண்டிய முதலீடு கடைசி வாரத்தில் கைநழுவியது.

இன்னொன்று. உங்கள் சம்பளத்தில் பிடித்த வரியும் மற்ற பிடித்தங்களும் உண்மையில் கட்டப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் வரிக் கணக்கிலும் வைப்பு நிதிக் கணக்கிலும் பாருங்கள். பணத் தட்டுப்பாடு வந்தால் பல இடங்களில் முதலில் கைவைப்பது அதில்தான். சம்பளச் சீட்டுகள், பணி ஆணை எல்லாவற்றையும் இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாக்கிச் சம்பளம் எவ்வளவு, எப்போது தருவார்கள் என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இரண்டாவது முறை தாமதமாகி, காரணமும் தேதியும் சொல்லாமல் விட்டால் வேலை தேடத் தொடங்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. நீங்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

கேள்வி: சம்பளத்தில் 30 சதவீதத்தைக் குறைத்து, அதற்குப் பதிலாக நிறுவனப் பங்குகள் தருவதாகச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: வீட்டுச் செலவுக்கு அந்த 30 சதவீதம் தேவையென்றால் வேண்டாம், அம்மா. தேவையில்லை என்றால்கூட, முதலில் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் கொடுப்பது பங்கை அல்ல, பின்னால் குறித்த விலைக்குப் பங்கை வாங்கும் உரிமையை. அதுவும் நான்கு ஆண்டுகளில் சிறிது சிறிதாகத்தான் உங்களுக்குச் சொந்தமாகும். முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றும் கிடையாது. விலகிய பிறகு, உங்கள் கைக்காசைப் போட்டு அந்தப் பங்குகளை வாங்க 90 நாள் மட்டுமே தரும் நிறுவனங்கள் நிறைய.

அதைவிட முக்கியமானது வரிசை. நிறுவனத்தை விற்றால் கடன்காரர்களுக்கு முதலில், பிறகு முன்னுரிமைப் பங்கு வைத்திருக்கும் முதலீட்டாளர்களுக்கு, மிஞ்சினால்தான் ஊழியர்களுக்கு. குட் டெக்னாலஜி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மதிப்பு ஒரு காலத்தில் 100 கோடி டாலருக்கு மேல். 2015இல் பிளாக்பெர்ரி அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவும் பெரிய தொகைதான். ஆனால் ஊழியர்கள் வைத்திருந்த சாதாரணப் பங்கு ஒன்றுக்குக் கிடைத்தது வெறும் 44 சென்ட். அதற்கு ஓராண்டு முன்புவரை அதே பங்குக்கு 4 டாலருக்கு மேல் மதிப்புப் போட்டிருந்தார்கள். அந்தப் பழைய மதிப்பை வைத்து வரி கட்டியவர்களும் அவர்களில் இருந்தார்கள். அதனால் "எத்தனை பங்கு?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "எனக்கு முன்னால் வரிசையில் எவ்வளவு பணம் நிற்கிறது?" என்றும் கேளுங்கள்.

கேள்வி: தள்ளாடுகிறது என்று பேசப்படும் ஒரு நிறுவனத்தில் நல்ல பதவி கிடைத்திருக்கிறது. நேர்காணலில் எதைக் கேட்பது?

பதில்: இந்தப் பதவியில் எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார், பணம் கட்டும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், ரன்வே எத்தனை மாதம். இந்த மூன்றும் போதும். கேட்டதற்காக முகம் சுளித்தால் சேராதீர்கள்.

கேள்வி: நான் ஒரு சிறு தொழில்நுட்ப நிறுவனத்தின் நிறுவனர். நான்கு மாதத்துக்குத்தான் பணம் இருக்கிறது. 17 பேரிடம் சொன்னால் நல்லவர்கள் ஓடிவிடுவார்களோ என்று பயம்.

பதில்: சிலர் போவார்கள், சரி. போகட்டும். மிச்சம் இருப்பவர்கள் தெரிந்தே உங்களோடு நிற்பார்கள்.

கிளிட்ச் என்ற இணைய விளையாட்டை நடத்திய டைனி ஸ்பெக் நிறுவனத்தின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். கையில் இன்னும் முதலீட்டுப் பணம் மிச்சம் இருக்கும்போதே, விளையாட்டு ஓடாது என்று முடிவெடுத்து 2012இல் மூடினார்கள். ஊழியர்களிடம் சொல்லும்போது நிறுவனர்களில் ஒருவரான ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்ட் அழுதுவிட்டார். வேலை இழந்தவர்களின் விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே போட்டு, வேறு வேலை கிடைக்க உதவினார்கள். மீதி இருந்த சிலர், அலுவலகத்துக்குள் பேசிக்கொள்ளத் தாங்களே உருவாக்கியிருந்த கருவியைத் தயாரிப்பாக்கினார்கள். அதுதான் ஸ்லாக். 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய மென்பொருள் நிறுவனம் அதை 2,770 கோடி டாலருக்கு வாங்கியது. உங்களுக்கும் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை, பெரும்பாலும் நடக்காது. நான் பார்ப்பது வேறு. பணம் தீரும் முன் சொன்னதால்தான் அவர்களால் ஊழியர்களுக்கு உதவ முடிந்தது. நான்கு மாதம் உங்களிடமும் இருக்கிறது.

எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்டிச் சொல்லுங்கள். எண்ணைச் சொல்லுங்கள். எந்தத் தேதிக்குள் முதலீடு வராவிட்டால் மூடுவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். கடைசி மாதச் சம்பளத்தையும் வேலையை விட்டு அனுப்பும்போது கொடுக்க வேண்டிய தொகையையும் இன்றே தனிக் கணக்கில் ஒதுக்கி, அதைத் தொட மாட்டேன் என்று அவர்கள் முன்னால் வாக்குக் கொடுங்கள். அப்புறம், கூட்டத்தை வெள்ளிக்கிழமை மாலையில் வைக்காதீர்கள். திங்கட்கிழமை காலையில் வையுங்கள், அந்த வாரம் முழுவதும் உங்கள் அறைக் கதவு திறந்திருக்கட்டும். கேள்விகள் மறுநாள்தான் வரும்.