சொதிக்கு வந்த கூட்டம் எங்கே போனது?

கேள்வி: அக்கா, வணக்கம். எனக்கு வயது 52. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். 2019-இல் சமையலுக்கென்று யூடியூப் சேனல் ஆரம்பித்தேன். தேங்காய்ப்பாலில் செய்கிற சொதிக் குழம்பு, கூட்டாஞ்சோறு, உளுந்தங்களி என்று எல்லாம் எங்கள் பக்கத்துச் சமையல்தான். 2020-இல் ஒரு வீடியோவுக்கு 30,000, 40,000 வியூஸ் சாதாரணமாக வரும். இப்போது 62,000 சப்ஸ்கிரைபர்கள் இருக்கிறார்கள், ஆனால் 1,500 வியூஸ் வந்தாலே பெரிது. போன மாதம் நான் தேங்காய்ப்பால் பிழிவதை என் மகன் 22 விநாடிக்கு வெட்டி, ஒரு சினிமாப் பாட்டைச் சேர்த்து ஷார்ட்ஸாகப் போட்டான். 3 லட்சம் வியூஸ்! வந்த பணம் ஒரு கேஸ் சிலிண்டருக்குக்கூடக் காணாது. “இனிமே இதுதாம்மா, நீளமா போட்டா யாரும் பாக்க மாட்டாங்க” என்கிறான். நானும் அப்படி மாறிவிடவா, இல்லை கடையைக் கட்டிவிடவா? (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, கடையைக் கட்ட வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் 2020-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டு வருத்தப்படுவதை விட்டுவிடுங்கள். அந்த வருஷம் ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அடுப்பங்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காத ஆம்பிளைகள்கூடக் கரண்டி பிடித்தார்கள். கூடவே இன்னொன்றும் நடந்தது. ஜூன் 29-ஆம் தேதி டிக்டாக்குக்குத் தடை வந்தது. அதிலேயே கிடந்த ஜனம் போக்கிடமில்லாமல் நின்றபோது, ஜூலையில் இன்ஸ்டாகிராம் இங்கே ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் விட்டுப் பார்த்தது. உங்களுக்கு 40,000 வந்த அதே வருஷத்தில்தான், அந்தக் கூட்டத்தைப் பிரித்துக்கொண்டு போகிற ஆளும் வாசலில் வந்து நின்றிருக்கிறான். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தையும் எதிர்வீட்டு மதினியும் ஆளுக்கொரு சேனல் தொடங்கினார்கள். நானே ஒன்று தொடங்கி நாலு மாதத்தில் விட்டவள்தான்.

அந்த 62,000 பேர் எங்கே என்கிறீர்கள். பத்திரிகைக்குச் சந்தா கட்டினால் இதழ் வீடு தேடி வரும். சப்ஸ்கிரைப் செய்தால் அப்படியெல்லாம் வராது. யூடியூபைத் திறந்ததும் முதல் பக்கத்தில் எதைக் காட்டுவது என்பதை, அந்த ஆள் நேற்றும் முந்தாநாளும் எதில் நேரம் செலவழித்தார் என்று பார்த்துத்தான் அந்த இயந்திரம் முடிவு செய்கிறது. ராத்திரி நாலு கிரிக்கெட் துண்டுகள் பார்த்தவருக்குக் காலையில் கிரிக்கெட்தான் வரும். உங்கள் மேல் யாருக்கும் கோபமில்லை. நீங்கள் புது வீடியோ போட்டதே பாதிப் பேருக்குத் தெரிந்திருக்காது.

இனி அந்த 3 லட்சம். போன வாரம் மின்சார ரயிலில் என் பக்கத்தில் ஒரு கல்லூரிப் பையன் உட்கார்ந்திருந்தான். சைதாப்பேட்டையில் ரயில் கிளம்பி கிண்டி வருவதற்குள் 11 வீடியோக்களைத் தள்ளிவிட்டான். நான் எண்ணினேன், வேறு வேலை இல்லை. முழுசாகப் பார்த்தது இரண்டு. 2025 மார்ச் கடைசியிலிருந்து ஷார்ட்ஸ் ஓடத் தொடங்கினாலே அது ஒரு வியூ. ஆக, மீதி 9 பேருக்கும் அவன் கணக்கில் ஒவ்வொரு வியூ விழுந்திருக்கும். பணம் பிரிக்கும்போது மட்டும், நின்று பார்த்தவர்களைத்தான் எண்ணுகிறார்கள். ஷார்ட்ஸ்களுக்கு நடுவில் ஓடும் விளம்பரக் காசை ஒரு பொது உண்டியலில் போட்டு, வியூஸ் விகிதப்படி பிரித்து, உங்கள் பங்கில் 45 சதவீதம் கொடுப்பார்கள். உங்கள் மகன் பாட்டு வேறு போட்டிருக்கிறான். ஒரு பாட்டு சேர்த்தால் அந்த வீடியோவின் பேரில் வரும் காசில் பாதி, உண்டியலுக்குப் போகும் முன்பே பாட்டின் உரிமைக்குப் போய்விடும். நீள வீடியோவில் கணக்கு வேறு. அதில் ஓடும் விளம்பரத்தில் 55 சதவீதம் நேரே உங்களுக்கு. சிலிண்டருக்குக் காணாததன் ரகசியம் இவ்வளவுதான்.

தேங்காய்ப்பால் பிழிவதைப் பார்த்த 3 லட்சம் பேரில் எத்தனை பேர் தேங்காய் உடைத்திருப்பார்கள்? அவர்கள் பார்த்தது உங்கள் கையை. வெள்ளையாக வழிகிற பாலை. ரயிலில் போகும்போது ஜன்னல் வழியே வயலைப் பார்ப்பதுபோல. அதைக் குறை சொல்லவில்லை, நானும் பார்ப்பவள்தான். ஆனால் அவர்கள் வயலில் இறங்க மாட்டார்கள்.

இறங்குகிறவர்கள் யார் என்பது நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய படத்திலேயே இருக்கிறது. சொதி வீடியோவை எந்த நிமிஷத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யூடியூப் காட்டுகிற அந்த வரைபடத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். முதல் ஒன்றரை நிமிஷத்தில் கோடு மடமடவென்று இறங்குகிறது. “வணக்கம் மக்களே, எல்லாரும் எப்படி இருக்கீங்க” என்று தொடங்கி, மழையையும் மாமியாரின் மூட்டுவலியையும் சொல்கிறீர்களே, அந்த இடம். 2020-இல் அதை ஆசையாகக் கேட்டார்கள், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாத காலம். பிறகு கோடு சமமாகப் போய், எட்டாவது நிமிஷத்தில் ஒரு திமில் மாதிரி எழும்புகிறது. அங்கே என்ன இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். அடுப்பைக் குறைத்து முதல் பாலை ஊற்றுகிறீர்கள். பால் திரியாமல் இருக்க எப்போது இறக்க வேண்டும் என்று சொல்கிறீர்கள். அந்த இடத்தை ஜனங்கள் ஓட்டி ஓட்டித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

என் மருமகள் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். போன் அரிசி டப்பாவில் சாய்ந்திருக்கும். விரலெல்லாம் மாவு. அதனால் நடுவிரல் முட்டியால் திரையை ரெண்டு தட்டு தட்டிப் பத்து விநாடி பின்னால் போவாள். கேட்பாள். மறுபடி தட்டுவாள். உங்கள் 1,500 பேரில் இப்படி முட்டியால் தட்டியவர்கள் கணிசமாக இருப்பார்கள். இவர்கள் உங்களைத் தேடி வந்தவர்கள், தேடித்தான் வருவார்கள். ஆகவே தலைப்பில் வெறுமனே ‘சூப்பரான சொதி’ என்று போடாதீர்கள். யாழ்ப்பாணத்துச் சொதி வேறு, இடியாப்பத்துக்கு ஊற்றுவது. உங்களுடையது கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுவது. ‘திருநெல்வேலி மறுவீட்டுச் சொதி’ என்று எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்களுக்காக அப்படியும் ஒருமுறை எழுதுங்கள்.

இன்னொரு கூட்டம் டிவியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கத் தெருவே ஒரு வீட்டில் உட்கார்ந்த காலம் நமக்குத் தெரியும். அப்புறம் ஆளுக்கொரு போன் வந்து, ஒரே சோபாவில் நாலு பேர் நாலு உலகத்தில் இருந்தார்கள். இப்போது யூடியூபே பெரிய திரைக்கு ஏறிவிட்டது. அமெரிக்காவில் போனைவிட டிவியில்தான் யூடியூபை அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று அதன் தலைமை அதிகாரியே 2025-இல் சொன்னார். இங்கே எங்கள் வீட்டில் மாமனாருக்கு ரிமோட்டின் மைக் பொத்தானை அமுக்கத் தெரியும். “உளுந்தங்களி” என்று கட்டளையிட்டுவிட்டு, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, பிறகு இட்லி சாப்பிடுகிறார். இப்படிப் பார்ப்பவர்களுக்கு 22 விநாடி எதற்கு? உங்கள் அனாலிட்டிக்ஸில் எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்று ஒரு பகுதி இருக்கும். அதில் டிவி எவ்வளவு என்று மகனைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மகனைத் திட்டாதீர்கள். அவன் சொன்னதில் பாதி சரி. கத்தரியை அவனிடமே கொடுங்கள், அந்த ஒன்றரை நிமிஷ வணக்கத்தை வெட்டட்டும். மூட்டுவலிக் கதையை, வெங்காயம் வதங்குகிற நேரத்தில் சொல்லிக்கொள்ளலாம். ஷார்ட்ஸும் போடட்டும், வாரத்துக்கு ஒன்று. பாட்டு வேண்டாம், பால் வழிகிற சத்தமே போதும். கீழே முழு வீடியோவுக்குப் போகிற இணைப்பைக் கொடுக்க அதில் வசதி இருக்கிறது, அதைக் கட்டாயம் கொடுக்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று அவன் ஆரம்பித்தால் மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

பணம்? 1,500 வியூஸில் குடும்பம் நடத்த முடியாது. சமையல் சேனலை மட்டும் நம்பி வேறு வரும்படியை விட்டுவிடாதீர்கள் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றுகிறது. கமெண்ட்டில் ரெண்டு மூன்று பேர் பொடி கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு நீங்கள் பதிலே போடவில்லை. போடுங்கள்.

கடைசியாக ஒன்று. சொதிக்கு இஞ்சித் துவையல் அரைக்கிறீர்களே, அதில் புளி எவ்வளவு என்று வீடியோவில் சொல்லவே இல்லை. நெல்லிக்காய் அளவு என்கிறாள் மருமகள், எனக்கு அது அதிகம் என்று படுகிறது. எழுதுங்கள்.