மே மாதத்து லேக் டிஸ்ட்ரிக்ட்: வலிக்கும் முழங்காலோடு எங்கே நடப்பது?

கேள்வி: எனக்கு 61 வயது, கணவருக்கு 66. மகன் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை அவனோடு இருப்போம். அதில் ஒரு வாரம், வடக்கே மலையும் ஏரியுமாக இருக்கும் லேக் டிஸ்ட்ரிக்டில் அறை எடுத்துத் தங்கி, ஏரிக்கரைகளில் நடந்து, அந்த ஊர் மக்களின் வாழ்க்கையையும் பார்க்க ஆசை. தினமும் ஒரு மணி நேரம் சமதரையில் நடப்போம். ஆனால் எனக்கு முழங்கால் வலி உண்டு, இறங்கும்போது அதிகம். கார் கிடையாது. சனி, ஞாயிறு மட்டும் மகனும், ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகளும், அவர்கள் வளர்க்கும் நாயும் வந்து சேர்ந்துகொள்வார்கள். எந்த வாரம் போவது, எங்கே நடப்பது? ஆடு மேய்கிற வயலுக்குள்ளேயே நடைபாதை போகிறதாமே, நுழைந்தால் யாரும் திட்டமாட்டார்களா?

பதில்: முதலில் வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தின் முதல் திங்கள் இங்கிலாந்தில் பொது விடுமுறை. அந்தக் கூட்டம் கலைந்த செவ்வாய்க்கிழமை போய் இறங்குங்கள். ஏப்ரல் நடுவில் போனால் காட்டு டாஃபடில் பூக்களின் கடைசி நாட்கள் கிடைக்கும். கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தும் தங்கை டோரதியும் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அந்தப் பூக்களைப் பார்த்தது 1802 ஏப்ரல் 15 அன்று. ஆனால் அப்போது ஓக் மரங்கள் மொட்டையாகவே நிற்கும், உச்சிகளில் பனி விழவும் வாய்ப்புண்டு. மே தொடக்கத்தில் ஓக் தளிர்விட்டிருக்கும். அதன் அடியில் தரை தெரியாமல் புளூபெல் பூத்திருக்கும். இருட்ட இரவு ஒன்பது மணி தாண்டிவிடும் என்பதால் மெதுவாக நடப்பவர்களுக்கு அவசரமே இல்லை. மழையும் ஏப்ரல் முதல் ஜூன் வரைதான் குறைவு. குறைவு என்பது அந்த ஊர்க் கணக்கில்தான். பாரோடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட் கிராமத்தில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டருக்கு மேல். அதனால் மழைக்கோட்டு இல்லாமல் ஒரு நாளும் வெளியே கிளம்பாதீர்கள்.

கார் இல்லாதது பெரிய குறை இல்லை. மான்செஸ்டரிலிருந்து விண்டர்மியர் ஸ்டேஷனுக்கு ரயில் உண்டு. சில நேரடியாகப் போகும், மற்றவற்றில் ஆக்ஸன்ஹோமில் மாற வேண்டும். அங்கிருந்து 555 எண் பஸ் ஆம்பிள்சைட், ரைடல், கிராஸ்மியர் வழியாக கெஸ்விக் வரை போகிறது. (எழுதுவது கெஸ்விக், ஊர்க்காரர் சொல்வது 'கெசிக்'. பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது உதவும்.) இந்த ஒரு பஸ் பாதையிலேயே உங்கள் வாரத்தின் பெரும்பகுதியை அமைத்துக்கொள்ளலாம். மூன்று இரவு கிராஸ்மியர் அல்லது ஆம்பிள்சைட், மீதி கெஸ்விக் என்று பிரித்துக்கொள்வது என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை பஸ்கள் குறையலாம், அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி நடை. இங்கிலாந்தின் மிக உயரமான ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர்தானே, ஏறிப் பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். வேண்டாம். ஏறியதை முழுக்க இறங்கியாக வேண்டும், உங்கள் முழங்காலுக்கு எதிரி அந்த இறக்கம். அதைவிட, வசந்தம் என்று சொல்கிற எல்லாமே, பூ, தளிர், குட்டி, பறவை, கீழே பள்ளத்தாக்கில்தான் நடக்கிறது. மே மாதத்திலும் உச்சிகளில் போன வருடத்துப் பழுப்புப் புல்தான் கிடக்கும். நானே தேர்ந்தெடுத்தாலும் அந்த வாரம் கீழேதான் நடப்பேன்.

வந்த அன்று மாலை, விண்டர்மியர் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே தொடங்கும் ஆரஸ்ட் ஹெட் என்ற சிறு குன்று. உயரம் 238 மீட்டர், நீங்கள் ஏறப்போவது சுமார் 100 மீட்டர். பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம். மேலே போனால் இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரியான விண்டர்மியர் நீளவாக்கில் கிடக்கும், பின்னால் மலைகள் வரிசை கட்டி நிற்கும். எந்தத் திசையில் என்ன இருக்கிறது என்பது அங்கேயே மனதில் பதிந்துவிடும்.

அடுத்து கிராஸ்மியரிலிருந்து ரைடல் வரை மலையோரமாகப் போகும் பழைய பாதை, சுமார் 3 கிலோமீட்டர். 'சவப்பெட்டிப் பாதை' என்று பெயர். அந்தக் காலத்தில் ரைடல் பக்கத்தில் இறந்தவர்களை கிராஸ்மியர் தேவாலயத்துக்கு இந்த வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். சுமந்தவர்கள் பெட்டியை இறக்கிவைத்து மூச்சு வாங்கிய தட்டையான கல் இன்னும் பாதையோரம் இருக்கிறது. நீங்களும் அங்கே நின்று மூச்சு வாங்குங்கள். கீழே ரைடல் ஏரி தெரியும். சில இடங்களில் கல்லும் வேரும் கரடுமுரடாக இருக்கும், ஆனால் பெரிய இறக்கம் கிடையாது. ரைடலில் இறங்கினால் அதே 555 பஸ்.

எனக்கு மிகவும் பிடித்ததை இப்போது சொல்கிறேன். கெஸ்விக் ஊரை ஒட்டிய டெர்வென்ட்வாட்டர் ஏரியில் ஒரு படகு சுற்றி வருகிறது, கரையோரம் பல துறைகளில் நின்று ஆள் ஏற்றும். ஒரு துறையில் இறங்கி அடுத்த துறை வரை நடக்கலாம். கால் வலித்தால் படகு, வலிக்காவிட்டால் இன்னொரு துறை வரை நடை. ஹாஸ் எண்ட் என்ற துறையில் இறங்கி பிராண்டல்ஹோ காட்டுக்குள் நடந்து பாருங்கள், பெரும்பாலும் சமதரை. அழகான இடங்களை வாங்கி எல்லோருக்குமாகப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு இந்த வட்டாரத்தில் முதன்முதலில், 1902-ல், வாங்கிய நிலம் இது. வாங்கியிருக்காவிட்டால் இந்தக் கரையில் நீங்களும் நானும் கால் வைத்திருப்போமா என்பது சந்தேகமே.

பட்டர்மியர் ஏரியைச் சுற்றி சுமார் 7 கிலோமீட்டர், அருமையான பாதை. ஒரே எச்சரிக்கை, ஏப்ரல் முதல் ஜூன் வரை கரையின் ஒரு பகுதியை மூடிவிடுவார்கள். கூழாங்கற்களுக்கு நடுவே உள்ளான் பறவைகள் முட்டையிடும் நேரம் அது. மாற்றுவழிப் பலகையைப் பார்த்துப் போங்கள். இன்னும் வேண்டுமென்றால், தேசியப் பூங்கா நிர்வாகம் 'மைல்ஸ் விதவுட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் சில பாதைகளைப் பட்டியலிட்டிருக்கிறது. ஸ்டைல் என்றால் வேலியையோ கல்சுவரையோ ஏறிக் கடக்கும் படி. உங்கள் முழங்காலுக்கு அந்தப் பட்டியல் பெரிய உதவி.

நேரக் கணக்குக்கு அங்கே நெய்ஸ்மித் விதி என்று ஒன்று சொல்வார்கள், 1892-ல் வந்தது: மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் கூட 10 நிமிடம். நீங்கள் மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ட்ரெக்கிங் ஸ்டிக் வாங்குங்கள். ஒன்று போதாது, இறக்கத்தில் இரண்டு கையிலும் இருந்தால்தான் முழங்காலின் சுமை குறையும்.

சரி, வயலுக்குள் நுழைவது பற்றி. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், பணமும் கிடையாது. வழிநடை உரிமை சட்டப்படி உங்களுடையது. பாதை சில சமயம் வீட்டு முற்றத்துக்குள், சமையலறை ஜன்னலை ஒட்டியே போகும், தயங்காமல் போகலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே (ஓ.எஸ்.) என்ற நில அளவை நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிற விட்டுவிட்ட கோடுகளாக இந்தப் பாதைகள் இருக்கும். ஆனால் நீங்கள் நடக்கப்போவது ஒரு குடும்பம் வருடத்திலேயே மிகக் கடுமையாக உழைக்கும் இடத்தில், அந்த உழைப்பின் உச்ச நாட்களில். மலைப் பண்ணைகளில் செம்மறி குட்டி போடும் காலம் ஏப்ரல் நடுவில் தொடங்கி மே வரை நீளும். ராத்திரி இரண்டு மணிக்கும் டார்ச்சோடு ஒருவர் வயலில் நிற்பார். 'ஊர் மக்களின் வாழ்க்கை' என்று கேட்டீர்களே, அந்த வாரத்தில் அது இதுதான்.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது ஹெர்ட்விக் இனம். குட்டி பிறக்கும்போது கறுப்பு, வயது ஏற ஏற உடல் சாம்பல் நிறமாகும். இந்த ஆடுகளுக்கு மலைமேல் வேலியே இல்லாத மேய்ச்சல் நிலத்தில் தங்கள் எல்லை எது என்று தெரியும். தாயோடு திரிந்து குட்டி கற்றுக்கொள்கிறது, அது வளர்ந்து தன் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கிறது. அங்கே அதை 'ஹெஃப்ட்' என்பார்கள். 2001-ல் கோமாரி நோய் வந்து மந்தைகளை அழித்தபோது விவசாயிகள் இதை நினைத்துத்தான் அதிகம் கலங்கினார்கள். ஆட்டை விலைக்கு வாங்கலாம், ஆனால் மலையை அறிந்த ஆட்டை எந்தச் சந்தையில் வாங்குவது? குட்டி போட்டபின் தாய்களைக் குட்டியோடு மறுபடி மலைக்கு ஏற்றுவதும் மே மாதத்தில்தான். மந்தையே சாலையை அடைத்து வந்தால் சுவரோரம் ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள். அந்தக் காட்சிக்காகவே போகலாம்.

வயலில் ஒருவர் பின் ஒருவராகப் பாதையிலேயே நடங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே போகாதீர்கள். தனியாகப் படுத்திருக்கும் குட்டியைப் பார்த்து மனம் இளகித் தூக்கிவிடாதீர்கள். தாய் பக்கத்தில்தான் மேய்ந்துகொண்டிருக்கும். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடவேண்டும். நான் போன முதல் வருடம், திறந்து கிடந்த ஒரு கேட்டை நல்லது செய்வதாக நினைத்துச் சாத்திவிட்டு வந்தேன். அது ஆடுகள் தண்ணீருக்குப் போகும் வழி என்று மறுநாள் அந்தப் பண்ணைக்காரர் பொறுமையாகச் சொன்னார். இன்றும் அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. கன்றோடு மாடுகள் நிற்கும் வயல் என்றால் நன்றாகத் தள்ளிச் சுற்றிப் போங்கள். ஆட்டைவிட மாடுதான் ஆபத்து.

உங்கள் கடிதத்தில் நான் மிகவும் கவனித்தது மருமகளைத்தான். கர்ப்பிணிகள் குட்டி போடும் ஆடுகளையும் புதிதாய்ப் பிறந்த குட்டிகளையும் நெருங்கவே கூடாது என்று அங்குள்ள சுகாதாரத் துறை சொல்கிறது. நஞ்சுக்கொடி, ஈன்ற இடத்துத் திரவம் வழியாக டாக்ஸோபிளாஸ்மா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் தொற்றிக் கருவைப் பாதிக்கலாம். பாதையோரம் நின்று தூரத்தில் பார்ப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் குட்டியைத் தொடுவது, புட்டியில் பால் கொடுப்பது, வயலில் நடந்த ஷூவையும் உடையையும் சுத்தம் செய்வது எதுவும் அவர் கையில் வேண்டாம். வார இறுதி நடையை டெர்வென்ட்வாட்டர் காட்டுப்பாதையிலோ கெஸ்விக் ஊரை ஒட்டிய ஃபிரையர்ஸ் கிராக் கரையிலோ வைத்துக்கொள்ளுங்கள். பிறகு காய்ச்சல், உடல்வலி என்று ஏதாவது வந்தால் ஆடுகள் இருந்த இடத்துக்குப் போயிருந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

நாய்க்கும் அதே பாதைகள்தான் நல்லது. பொது மேய்ச்சல் நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். ஆடு மாடு அருகே எப்போதுமே. கடிக்க வேண்டியதில்லை, வெறுமனே துரத்தினாலே சினை ஆட்டுக்குக் கரு கலைந்துவிடும். மாடு துரத்தி வந்தால் மட்டும் கயிற்றை விட்டுவிடச் சொல்லுங்கள், நாய் ஓடித் தப்பிக்கும், மனிதரும் தப்பிப்பார்.

உடை பற்றிச் சுருக்கமாக: பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். புடவையை அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்புல்லும் கல்படியும் அதற்கு ஒத்துவராது. சீக்கிரம் காயும் பேன்ட், மேலே ஃப்ளீஸ் என்ற கதகதப்பான மேலாடை, அதன்மேல் மழைக்கோட்டு. ஷூவுக்கு அடியில் நல்ல பிடிப்பு வேண்டும். மாலையில் காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் வட்டமாகச் சிவந்து பரவினால் லைம் நோயாக இருக்கலாம், உடனே மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, செல்போன். பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். காலையில் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று மகனுக்குச் செய்தி அனுப்பிவிட்டு நடையைத் தொடங்குங்கள். அவசரம் என்றால் 999; போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லுங்கள். அவர்கள் தன்னார்வலர்கள், பணம் வாங்குவதில்லை. பேச முடியாத இடத்திலும் குறுஞ்செய்தி போய்ச் சேர வாய்ப்புண்டு. ஆனால் 999-க்குச் செய்தி அனுப்ப, உங்கள் செல்போன் எண்ணை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். மகன் வாங்கித் தரும் பிரிட்டிஷ் சிம்மில் அதை மான்செஸ்டரிலேயே செய்து முடித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.