ரொதான் தோற்ற பள்ளியும் படித்த பள்ளியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டு ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்கிறாள். எனக்கு மறுப்பில்லை. ஆனால் குடும்ப நண்பர் ஒருவர், "சிற்பி ரொதானை பாரிஸ் கலைப்பள்ளி மூன்று தடவை திருப்பி அனுப்பியது. அவர் பெரிய ஆள் ஆகவில்லையா? கலைக்குப் பள்ளி எதற்கு?" என்று கேட்கிறார். பிரான்ஸ் அரசு பள்ளி, பரிசு, மானியம் என்று கலைக்காக இவ்வளவு செய்ததில் உண்மையிலேயே ஏதாவது விளைந்ததா?

ஒரு தந்தை, கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

ரொதான் மூன்று தடவை தோற்றது உண்மை. பாரிஸின் போஸார் என்ற அரசுக் கலைப்பள்ளிக்கு 1857 தொடங்கி முயன்றார். ஓவியத் தேர்வில் தேறினார், சிற்பத்தில் ஒவ்வொரு முறையும் தள்ளப்பட்டார். ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய மூன்று வருடங்களை விட்டுவிடுகிறார்கள். அந்த வருடங்களில் அவர் வேறொரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

அது 1766இல் தொடங்கிய இலவச ஓவியப் பள்ளி. கைவினைத் தொழிலுக்குப் போகும் பையன்களுக்கானது. போஸார் பெரியது என்பதால் இதைச் 'சின்னப் பள்ளி' என்பார்கள். ரொதானின் அப்பா காவல்துறையில் எழுத்தர், வசதியான குடும்பம் இல்லை. 14 வயதில் பையன் அங்கே சேர்ந்தான்.

அங்கே லெகோக் த புவபோத்ரான் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். ஒன்றைப் பார்த்து வரைவதோடு அவர் விடமாட்டார். லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போய் ஓர் ஓவியத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு வந்து, பள்ளியில் உட்கார்ந்து நினைவிலிருந்தே வரைய வேண்டும். முதலில் மூக்கு மாதிரி எளிய வடிவங்கள், பிறகு முகம், பிறகு முழு உருவம். மாடல்களை மேடையில் அசையாமல் நிறுத்துவதற்குப் பதிலாகத் திறந்த வெளியில் நடமாட விட்டார். பல வருடங்கள் கழித்து ரொதான் தன் பட்டறையில் மாடல்களை இஷ்டம்போல் நடக்கவிட்டு, தாளைப் பார்க்காமலேயே கோடு இழுத்தார். அந்தப் பழக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதுமையில் அந்த ஆசிரியரை அவர் நன்றியோடு நினைவுகூர்ந்தும் இருக்கிறார். ரொதானை உருவாக்கியதில் பள்ளிக்குப் பங்கில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

சரி, அந்தப் பெரிய பள்ளியில் என்ன கோளாறு? அதன் மூலமான ஓவிய, சிற்ப அகாதமி பிரான்ஸில் 1648இல் வந்தது. 1663இல் ரோம் பரிசு வந்தது. வென்றவர்களை அரசு தன் செலவில் ரோமுக்கு அனுப்பிப் படிக்க வைத்தது. அருமையான ஏற்பாடுதான். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரிசுக்குத் தேர்ந்தெடுப்பவர்கள், பள்ளியில் பாடம் சொல்பவர்கள், சலோன் என்ற அரசுக் கண்காட்சியில் எதைத் தொங்கவிடலாம் என்று முடிவு செய்பவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே வட்டத்து ஆட்கள். அவர்களுக்குப் பிடிக்காத கை என்றால் எங்குமே இடமில்லை. 1863இல் சலோன் நிராகரித்த படங்கள் அவ்வளவு குவிந்ததால், பேரரசர் மூன்றாம் நெப்போலியனே அவற்றுக்குத் தனிக் கண்காட்சி வைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. ஓவியர் மனேயின் படங்களும் அதில் இருந்தன.

இதைவிட என்னைக் கோபப்படுத்துவது பெண்கள் விஷயம். உங்கள் மகளை முன்னிட்டு இதைச் சொல்லியே ஆக வேண்டும். 1897 வரை போஸார் பெண்களைச் சேர்க்கவேயில்லை. எலேன் பெர்தோ என்ற சிற்பி 1881இல் பெண் கலைஞர்களுக்கென்று சங்கம் தொடங்கி, வருடக்கணக்கில் போராடியதால்தான் அந்தக் கதவு திறந்தது. அதுவரை பெண்களுக்குத் தனியார் பட்டறைகள்தான் கதி. அவற்றில் பேர்பெற்ற ஜூலியன் அகாதமி ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகக் கட்டணம் வாங்கியது. சிற்பி கமீய் குளோதெல் படித்தது கொலரோசி என்ற இன்னொரு தனியார் அகாதமியில். பின்னாளில், 1930களின் தொடக்கத்தில், நம் ஓவியர் அம்ரிதா ஷெர்கில் போஸாரில் படிக்க முடிந்ததென்றால் அந்தப் பழைய போராட்டத்துக்கும் அதில் பங்குண்டு.

அரசு உதவியால் விளைந்ததா என்று கேட்டீர்கள். விளைந்தது, ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. 1880இல் அரசு ரொதானிடம், கட்டப்போகும் ஓர் அருங்காட்சியகத்துக்கு வாசற்கதவு செய்யச் சொன்னது. வேலை செய்யப் பட்டறையும் கொடுத்தது. அந்த அருங்காட்சியகம் அங்கே கட்டப்படவேயில்லை. ரொதானோ 1917இல் இறக்கும் வரை 'நரகத்தின் வாயில்' என்ற அந்தப் படைப்போடு இருந்தார். உலகமே அறிந்த 'சிந்தனையாளர்' சிற்பம் அதிலிருந்து வந்ததுதான். அதே அரசு 1895இல் குளோதெலிடம் 'முதிர்ந்த வயது' என்ற சிற்பத்தின் மாதிரியைக் கேட்டு வாங்கியது. வெண்கலத்தில் வார்க்கும் ஆணையை மட்டும் கடைசிவரை தரவில்லை. அரசு கலைக்குச் செலவழிக்கத்தான் வேண்டும் என்பேன். ஆனால் யாருக்குத் தருவது என்ற முடிவு ஒரு சிலர் கையில் மட்டும் இருக்கக் கூடாது.

ஆகவே மகளைச் சேர்த்துவிடுங்கள். சேர்க்கும் முன் கல்லூரிக்குப் போய்க் கடைசி வருட மாணவர்களின் வேலைகளைப் பாருங்கள். எல்லாம் ஒரே கை வரைந்த மாதிரி இருந்தால் ஏன் என்று ஆசிரியர்களிடம் தயங்காமல் கேளுங்கள். அதுவரை லெகோக்கின் பயிற்சியை அவள் உங்கள் ஊரிலேயே தொடங்கலாம். நாகேஸ்வரன் கோயில் சிற்பம் ஒன்றின் முன் பேனா, தாள் இல்லாமல் நின்று பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து வரையட்டும். மறுநாள் அதே சிற்பத்தின் முன் போய் நின்று, எங்கே பிசகியது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.