வாசகர் கேள்விகள்: பின்லாந்து ஆராய்ச்சிக்குச் செலவிடும் கதை

சென்ற இதழில், பின்லாந்து ஆராய்ச்சிச் செலவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியிருப்பதைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். ஹெல்சிங்கிக்குப் பக்கத்தில் எஸ்போ நகரின் ஓட்டனியெமியில், மெல்லிய படலங்களை ஆராயும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தவள் நான். அதனால் அந்த நாட்டைப் பற்றி எது எழுதினாலும் கேள்விகள் வருவது வழக்கம். இம்முறை பெரும்பாலான கடிதங்கள் பணத்தைப் பற்றியே கேட்டிருக்கின்றன. எனக்கும் அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

கேள்வி: மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நான்கு சதவீதம் ஆராய்ச்சிக்கு என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவையும் அரசாங்கமா கொடுக்கிறது? (பொருளாதார ஆசிரியர் ஒருவர்)

இல்லை ஐயா. 2030ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவு நான்கு சதவீதத்தைத் தொட வேண்டும் என்பது இலக்கு. அதில் அரசின் பங்கு 1.2 சதவீதம். மீதி 2.8 சதவீதம் நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். சட்டம் கட்டுப்படுத்துவது அரசின் பங்கை மட்டுமே. நிறுவனங்களை இவ்வளவு செலவழியுங்கள் என்று எந்தச் சட்டமும் சொல்ல முடியாது. அரசு தன் பங்கை ஒழுங்காகப் போட்டால் அவர்களும் துணிந்து போடுவார்கள் என்பதே எதிர்பார்ப்பு. தற்போது மொத்தச் செலவு மூன்று சதவீதத்தைச் சற்றே தாண்டி நிற்கிறது. ஆகவே இலக்கு எளிதன்று.

கேள்வி: ஐம்பத்தாறு லட்சம் பேர் மட்டுமே வாழும் நாடு. பாதி வருடம் பனி. இவர்களுக்கு ஆராய்ச்சி மீது இவ்வளவு பற்று எப்படி வந்தது? (இல்லத்தரசி ஒருவர்)

பனியிலிருந்தே வந்தது என்று சொன்னால் மிகையில்லை அம்மா. நீண்ட குளிர்காலம் முழுவதும் மாடுகளுக்கு எதைத் தின்னக் கொடுப்பது என்பது அங்கே பெரும் கவலையாக இருந்தது. வெண்ணெய் ஏற்றுமதியை நம்பியிருந்த நாடு அது. கோடையில் அறுத்து வைத்த பசுந்தீவனம் புளித்துக் கெட்டது. அதைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்தக் குறை தெரிந்தது. வாலியோ என்ற பால் கூட்டுறவு தன் ஆய்வுக்கூடத்தை ஆர்த்தூரி வீர்த்தனென் என்ற இளம் வேதியியலாளரிடம் ஒப்படைத்தது. தீவனத்தில் அளவோடு அமிலம் சேர்த்தால் கெடுக்கும் நொதித்தல் நின்றுவிடும், புரதமும் வீணாகாது என்று அவர் கண்டறிந்தார். 1945இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்தது, அந்தப் பரிசுக்குப் பின்னால் ஒரு கூட்டுறவு இருந்தது என்பதுதான். பால் கறக்கும் விவசாயிகளின் பணத்தில் நடந்த ஆய்வுக்கூடம் அது. ஆராய்ச்சி தங்களுக்கு எட்டாத காரியம் என்று அவர்கள் நினைக்கவில்லை.

அரசு சார்ந்த அமைப்புகள் பின்னால் ஒவ்வொன்றாக வந்தன. போர் நடந்துகொண்டிருந்த 1942இல் வி.டி.டி. என்ற தொழில்நுட்ப ஆராய்ச்சி மையம். நாடு விடுதலை பெற்று ஐம்பது ஆண்டுகள் நிறைந்த 1967இல், நாடாளுமன்றம் மக்களுக்குக் கொடுத்த பரிசாக சிட்ரா என்ற நிதியம். இது தன் மூலதனத்தின் வருமானத்தில் நடக்கிறது. 1983இல் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கும் தெக்கெஸ். 1987இல் பிரதமரே தலைமை வகிக்கும் அறிவியல், தொழில்நுட்பக் கொள்கைக் குழு. பல்கலைக்கழகம், ஆய்வு நிலையம், நிறுவனம், நிதி தரும் அமைப்பு எல்லாவற்றையும் ஒரே தேசியப் புத்தாக்க அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்ற கருத்தை அந்தக் குழு 1990இலேயே கொள்கையாக்கிவிட்டது. அறிஞர்கள் கட்டுரைகளில் பேசிக்கொண்டிருந்ததை முதன்முதலில் அரசுக் கொள்கையாக எடுத்துக்கொண்ட நாடுகளில் ஒன்று பின்லாந்து.

கேள்வி: நோக்கியா இல்லாவிட்டால் பின்லாந்து ஏது? ஒரு நிறுவனத்தின் அதிர்ஷ்டத்தை நாட்டின் கொள்கை என்று ஏன் கொண்டாட வேண்டும்? (வங்கியில் பணியாற்றி ஓய்வுபெற்ற வாசகர்)

உங்கள் கேள்வியின் காரம் எனக்குப் புரிகிறது. நோக்கியாவின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. உச்சத்தில் இருந்தபோது நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அந்த ஒரே நிறுவனம் செய்தது. ஆனால் அதிர்ஷ்டம் என்ற சொல்லை நான் ஒப்பமாட்டேன்.

1990களின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் அதனோடு நடந்த வணிகம் அப்படியே படுத்துவிட்டது. வங்கிகள் கடனில் மூழ்கின. சில ஆண்டுகளுக்குள் நாட்டின் உற்பத்தி பத்து சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. மூன்று சதவீதமாக இருந்த வேலையின்மை பதினாறு சதவீதத்தைத் தாண்டியது. பள்ளி, மருத்துவமனை, நலத்திட்டம் என்று எல்லாவற்றிலும் கத்தரி வைத்தார்கள். அந்தச் சமயத்திலும் தெக்கெஸ் பணத்தில் மட்டும் கை வைக்கவில்லை. 1996இல் ஒரு படி மேலே போய், அரசு நிறுவனங்களின் பங்குகளை விற்ற பணத்தில் ஒரு பகுதியை ஆராய்ச்சிக்குத் திருப்பிவிட முடிவு செய்தார்கள். பத்தாண்டுக்கு முன் இரண்டு சதவீதமாக இருந்த ஆராய்ச்சிச் செலவு 2000ஆம் ஆண்டில் மூன்று சதவீதத்தைக் கடந்துவிட்டது.

வேலையிழந்தவர்கள் வரிசையில் நிற்கும்போது ஆய்வுக்கூடத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு அசாத்திய நெஞ்சுரம் வேண்டும். அந்த முடிவை எடுத்தவர்கள் மீது எனக்கு இன்றும் பெரும் மரியாதை உண்டு.

நோக்கியா முளைத்த மண்ணும் தானாக அமைந்ததன்று. 1981இலேயே வட ஐரோப்பாவின் நார்டிக் நாடுகள் சேர்ந்து ஒரே கைப்பேசி முறையை அமைத்துவிட்டன. பின்லாந்தில் ஊருக்கு ஊர் தொலைபேசி நிறுவனங்கள் இருந்ததால் போட்டியும் இருந்தது. 1991 ஜூலை 1 அன்று முன்னாள் பிரதமர் ஹர்ரி ஹோல்கெரி, ரேடியோலின்யா என்ற புதிய நிறுவனத்தின் வலையமைப்பில் தம்பெரே நகரின் துணை மேயரை அழைத்துப் பேசினார். ஜி.எஸ்.எம். என்ற எண்முறைக் கைப்பேசித் தரத்தில் உலகின் முதல் அழைப்பு அது. அதற்குள் ஓலு நகரில் 1958இல் தொடங்கிய பல்கலைக்கழகமும், 1982இல் எழுந்த தொழில்நுட்பப் பூங்காவும் வானொலிப் பொறியாளர்களை உருவாக்கிக்கொண்டிருந்தன. வடதுருவ வட்டத்துக்கு அருகே, தார் ஏற்றுமதிக்குப் பெயர்போன ஊர் அது!

கேள்வி: இந்தப் பணம் நடைமுறையில் எப்படிக் கைமாறுகிறது? விண்ணப்பம் போட்டால் கொடுத்துவிடுவார்களா? (சிறுதொழில் நடத்தும் இளைஞர்)

நான் பார்த்தவரை சொல்கிறேன். தெக்கெஸ் ஒருபோதும் முழுப் பணத்தையும் தந்ததில்லை. நிறுவனம் தன் பையிலிருந்து கணிசமாகப் போட வேண்டும். பெரிய நிறுவனமாக இருந்தால், பல்கலைக்கழகத்தையோ சிறு நிறுவனங்களையோ கூட்டுச் சேர்த்துக்கொண்டு வா என்று வற்புறுத்துவார்கள். இதனால் எங்கள் கூடத்துக் கூட்டங்களில் பேராசிரியரும், ஒரு பெரிய நிறுவனத்தின் பொறியாளரும், இருபது பேர் வேலை செய்யும் பட்டறைக்காரரும் ஒரே மேசையில் காப்பி குடித்தபடி பேசுவார்கள். யாருக்கும் தனி நாற்காலி கிடையாது. பட்டறைக்காரர் 'இது உற்பத்திக்கு ஒத்துவராது' என்று சொன்னால் பேராசிரியர் அதைக் குறித்துக்கொள்வார்.

தோல்வியை அவர்கள் நடத்தும் விதமும் முக்கியம். கடனாகப் பணம் வாங்கிய திட்டம் நேர்மையாக முயன்றும் பலிக்கவில்லை என்றால், கடனில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டாம் என்று விட்டுவிட வழி இருக்கிறது. இது இல்லாவிட்டால் எல்லோரும் ஏற்கெனவே தெரிந்ததையே ஆராய்ச்சி என்று எழுதிக் கொடுப்பார்கள். 2018இல் தெக்கெஸ், ஏற்றுமதி வளர்ச்சி அமைப்போடு இணைந்து பிசினஸ் பின்லாந்து ஆயிற்று. அடிப்படை அறிவியலுக்குத் தனி அமைப்பு உண்டு. ஆங்கிலத்தில் பின்லாந்து அகாடமி என்ற பெயரில் இருந்தது. இப்போது பின்லாந்து ஆராய்ச்சிக் குழுமம்.

பொறுமைக்கு என் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. துவோமோ சுந்தோலா 1974இல், ஒரு பரப்பின் மீது ஒவ்வோர் அணு அடுக்காகப் படலம் வளர்க்கும் முறையை உருவாக்கினார். தட்டையான காட்சித்திரைகளுக்காகச் செய்தது. அந்த முயற்சி மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்றில் தொடங்கி, கட்டுமானப் பொருள் நிறுவனம் ஒன்றுக்குப் போய், பின்பு அரசின் எண்ணெய் நிறுவனமான நெஸ்தேயின் நிழலில் வளர்ந்து, 1999இல் ஒரு டச்சு நிறுவனத்தின் கைக்குப் போனது. 2007இல்தான் இன்டெல் தன் கணினிச் சில்லுகளின் மிக மெல்லிய மின்காப்புப் படலத்துக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! இன்று நாம் பயன்படுத்தும் நவீனச் சில்லுகளுக்கு இந்த முறை இல்லாமல் முடியாது. 2018இல் சுந்தோலாவுக்கு மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசாகப் பத்து லட்சம் யூரோ கிடைத்தது. நடுவே யாராவது ஒருவர் 'போதும், லாபம் எங்கே?' என்று கதவைச் சாத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

கேள்வி: இவ்வளவு நன்றாக நடந்தது என்றால் பிறகு சட்டம் எதற்கு? (சட்டக் கல்லூரி மாணவி)

நன்றாக நடக்காமல் போனதால்தான் அம்மா. 2009இல் ஆராய்ச்சிச் செலவு 3.7 சதவீதத்துக்கு ஏறியது. அதன்பின் நோக்கியாவின் கைப்பேசி வணிகம் சரிந்தது. 2014இல் அது மைக்ரோசாப்டிடம் போய்ச் சேர்ந்தது. நிறுவனத்தின் செலவு குறைந்தபோது அரசு தாங்கிப் பிடித்திருக்க வேண்டும். இம்முறை அரசும் வெட்டியது. தெக்கெஸுக்கு வெட்டு, பல்கலைக்கழகங்களுக்கு வெட்டு. 2016இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் ஏறத்தாழ ஆயிரம் பணியிடங்களைக் குறைப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு ஆராய்ச்சிச் செலவு 2.7 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது.

தொண்ணூறுகளில் பெற்றோர் செய்ததைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றியது. நிதி குறைந்தால் கருவிகள் தூசி படிந்து நிற்கும், அதைத் துடைத்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஆய்வுக்குழு கலைந்தால் அதன் கைப்பழக்கமும் போய்விடும். ஒரு படலம் ஏன் உரிகிறது என்பதைப் பார்த்தவுடன் சொல்லக்கூடிய ஆளை எந்த விளம்பரம் போட்டும் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆகவே எல்லாக் கட்சிகளும் உட்கார்ந்து பேசி, தேர்தலுக்குத் தேர்தல் மாறாத ஓர் ஏற்பாட்டுக்கு வந்தன. 2024 முதல் 2030 வரை அரசின் ஆராய்ச்சி நிதி ஆண்டுதோறும் உயர வேண்டும் என்ற சட்டம் 2023 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்பின் ஆட்சி மாறியது. புதிய அரசு பல செலவுகளைக் கடுமையாகக் குறைத்தது. ஆராய்ச்சி நிதியை மட்டும் உயர்த்திக்கொண்டே வருகிறது. சட்டத்தின் பயனை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: நோக்கியாவில் வேலையிழந்தவர்கள் என்ன ஆனார்கள்? (மென்பொருள் பணியாளர் ஒருவர்)

2011இல் நோக்கியாவே 'பாலம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சொந்தத் தொழில் தொடங்குவோருக்குத் தொடக்கப் பணமும் பயிற்சியும் தந்தது. அதிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் சிறு நிறுவனங்கள் பிறந்தன. எல்லாமே நிலைத்துவிட்டன என்று நான் சொல்லமாட்டேன். ஐம்பது வயதைக் கடந்த பல பொறியாளர்களுக்கு அந்த ஆண்டுகள் மிகக் கொடுமையானவை.

ஊர் முழுவதுமே அடிவாங்கி எழுந்ததற்குக் கயானி நகரைப் பார்க்கலாம். அங்கே காகித ஆலை 2008இல் மூடப்பட்டது. அதே வளாகத்தில் இன்று ஐரோப்பாவின் மாபெரும் மீத்திறன் கணினிகளில் ஒன்றான லூமி ஓடுகிறது. ஆலைக்கென அமைந்த வலுவான மின்தொடர்பும் நீர்மின்சாரமும் அதற்குத் துணை. கணினி கக்கும் வெப்பத்தைக் குழாய்கள் வழியே ஊரின் வீடுகளைச் சூடாக்கவும் பயன்படுத்துகிறார்கள்.

கேள்வி: சைலிட்டால் பின்லாந்தின் கண்டுபிடிப்பா? (பல் மருத்துவ மாணவர்)

சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இந்த இனிப்புப் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்ததுதான். அது பற்சொத்தையைக் குறைக்க உதவும் என்று 1970களில் காட்டியது துர்க்கு பல்கலைக்கழக ஆய்வு. பிர்ச் மரத்திலிருந்து அதைத் தயாரித்தார்கள்.

கேள்வி: முனைவர் பட்டத்துக்குப் பின்லாந்து செல்ல நினைக்கிறேன். ஆயிரம் புதிய இடங்கள் என்று படித்தேன். போகலாமா? (பொறியியல் முதுநிலை மாணவர்)

நீங்கள் படித்தது 2024இல் தொடங்கிய முன்னோட்டத் திட்டம் தம்பி. ஆயிரம் பேரை மூன்றே ஆண்டுகளில் முனைவராக்க 255 மில்லியன் யூரோ ஒதுக்கினார்கள். அந்த இடங்களை எண்ணிக் கிளம்பாதீர்கள், அவை நிரம்பிவிட்டன. இந்த வேகம் குறித்து எனக்கு உள்ளூரக் கவலையும் உண்டு. சோதனை சார்ந்த துறைகளில் கருவி கைக்குப் பழகவே முதல் ஆண்டு போய்விடும். வெளிவரும் ஆயிரம் பேருக்கும் நிறுவனங்களில் வேலை தயாராக இருக்க வேண்டும் என்பதும் இன்னொரு கவலை.

பொதுவாகச் சொன்னால், போகலாம். ஆங்கில வழி இளநிலை, முதுநிலைப் படிப்புகளுக்கு ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் 2017 முதல் கட்டணம் கட்ட வேண்டும். முனைவர் பட்டத்துக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பல இடங்களில் சம்பளத்தோடு பணியாளராகவே சேர்த்துக்கொள்வார்கள். பேராசிரியருக்கு எழுதும்போது அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்கு எழுந்த கேள்வியை எழுதுங்கள். அங்கே முகஸ்துதி எடுபடாது. இடம் கிடைத்தால், பணம் எந்தத் திட்டத்திலிருந்து வருகிறது, அது எந்த மாதத்தோடு முடிகிறது, முடிந்தபின் யார் தருவார்கள் என்ற மூன்றையும் மின்னஞ்சலிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேராகக் கேட்பவரை அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள்.